காதுக்கு உள்ளே ஒரு கடல்குதிரை

எந்த ஊரிலும் நான் இரண்டாவது மழைக்காலம் வரை தங்கியதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் திண்டிவனத்தில் லாரி ஏறிய நாளிலிருந்து அப்படித்தான். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் செங்கல் சூளை, மண்டபத்தில் மீன் பிரிக்கும் வேலை, ஓசூரில் கிரானைட். வேலை பிடிக்காமல் எங்கிருந்தும் போனதில்லை. சுவர்தான் பிடிக்காமல் போய்விடும். ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் படுத்தால் எனக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் மட்டும் இரண்டாவது மழையும் வந்தது, மூன்றாவதும் வந்தது. காரணம், என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவனின் மூளையில், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஓர் இடம் கெட்டுப்போனது.

அறை என்று சொன்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு நீளக் கட்டடத்தில் நடுக்கதவு. முன்பு நெல் போட்ட நிலத்தில் வீட்டுக்கார அக்கா குடும்பம் கட்டியது. நான்கு பேர், இரண்டு பாய். ஒரு ஷிப்ட் எழுந்து போனதும் அடுத்த ஷிப்ட் வந்து அதே பாயில் விழும். அந்தப் பாய்கள் சூடு ஆறி நான் பார்த்ததில்லை. என் பாயை என்னோடு பங்கு போட்டவன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்தவன், என்னைவிடச் சின்னவன். இருவரும் ஒரகடம் போகிற சாலையில் ஒரே தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆட்கள். கார் சீட்டுக்கு அடியில் போகும் ஒயர்க் கற்றையில் கிளிப் மாட்டும் வேலை. எந்தக் கம்பெனி பஸ் எந்த முனையில் எத்தனை மணிக்குத் திரும்பும், எந்த டிரைவர் கை காட்டினால் நிறுத்துவார், என் சோப்பை யார் எடுத்தது, எல்லாம் அவனுக்குத் தெரியும். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரமாவது பேசுவோம். டீ வாங்கி வருவது என் பொறுப்பு.

அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் அந்த வரிசையில் எல்லோருக்கும் காய்ச்சல் வரும். மாத்திரை போட்டுக்கொண்டு ஓ.டி. பார்ப்போம். இவன் சாம்பார் வாளிக்குள் செல்போனை வைத்துவிட்டுத் தேடினான். அதையும் சொல்லிச் சிரித்தோம். மாலையில் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் வலிப்பு வந்து பாயோடு சேர்ந்து வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். பிளாஸ்டிக் கவரில் டீ என் கையில் சுட்டது நினைவிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரி. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிழைத்துக்கொண்டான். கண் விழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, டீ வாங்கப் போனீகளே, வாங்கியாச்சா?" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். அதே சிரிப்பு. "அண்ணே, டீ வாங்கப் போனீகளே, வாங்கியாச்சா?"

பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர்தான் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குச் சொன்னார். பொறுமையானவர். நான் படிக்காதவன் என்பதற்காகக் குரலை உயர்த்திப் பேசவில்லை.

"இந்த இடத்துக்கு ஹிப்போகேம்பஸ்னு பேரு. ரெண்டு பக்கமும் இருக்கு, காதுக்கு உள்பக்கமா. புதுசா நடக்கிற எதையும் மூளையில தங்க வைக்கிறது இதுதான். இவருக்கு ரெண்டு பக்கமும் பாதிச்சிருச்சு."

"அப்போ பழசு?"

"பழசு நெறைய இருக்கும். உங்களைத் தெரியுது பாருங்க. இனிமே பார்க்கிற ஆளுங்கதான் நிக்க மாட்டாங்க. இப்ப நான் பேசிட்டுப் போனா, திரும்பி வரும்போது என்னைத் தெரியாது."

எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"கிரேக்கப் பேரு. கடல்குதிரை. வெளிய எடுத்து வச்சுப் பார்த்தா கடல்குதிரை மாதிரியே வளைஞ்சிருக்கும். முதல்ல பார்த்தவர் பட்டுப்புழு மாதிரியும் இருக்குன்னு யோசிச்சாராம். கடைசியில குதிரை ஜெயிச்சிருச்சு."

படத்தில் எனக்குக் குதிரையும் தெரியவில்லை, புழுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளையாக இருந்தது. ஆனால் கடல்குதிரை எனக்குத் தெரிந்த பிராணி. மண்டபத்தில் வலையை உதறினால் நண்டுக்கும் பாசிக்கும் நடுவில் ஒன்றிரண்டு கிடக்கும். அதைப் பிடிக்கக் கூடாது, திருப்பிக் கடலில் விட வேண்டும். விடுவதுதான் பாடு. அதற்கு நன்றாக நீந்த வராது. நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, கிடைத்ததை வாலால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். புல் என்றால் புல், வலை நூல் என்றால் வலை நூல். நகத்தால் சுற்றைப் பிரித்து எடுத்தால் என் விரலைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதற்காகப் பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

பெயர் வைத்தவர்கள் வடிவத்தைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். நான் அவனுடைய கட்டிலைப் பார்த்தேன். எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல், பார்க்கிற ஒவ்வொருவரையும் நோக்கிச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தான்.

பெற்றோர் இல்லாதவன். மணமாகிப் போன அக்கா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் தாம்பரத்தில் ரயிலிறங்கி, பஸ் மாறி, அவனையும் ஒரு பையையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினாள்.

"அங்க நிக்க மாட்டேங்கிறான் தம்பி. நான் எப்ப இங்க வந்தேன், லீவு முடிஞ்சிருச்சு, ஆப்சென்ட் போட்ருவாய்ங்கன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கிளம்புறான். ரெண்டு தடவை மெயின் ரோட்டுல லாரிக்கு நடுவுல போய்ப் பிடிச்சாந்தோம். என் மாமியாரு, பிள்ளைக... நான் என்ன செய்ய?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் செருப்பைக் கழற்றி எப்போதும் வைக்கும் மூலையில் வைத்தான். கொடியில் சட்டையை மாட்டினான். பாயில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் மூளையில் கடைசியாக இருந்த இடம் இதுதான். இங்கே எதுவும் அவனுக்குப் புதிதில்லை.

"நீங்க இருக்கீகள்ல, தம்பி?" என்றாள் என்னிடம்.

இருக்கிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்கு நடந்ததைச் சொன்னால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டீ வாங்கப் போனீகளே என்று கேட்பான். வாங்கிக் கொடுப்பேன். குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். டீ வாங்கப் போனீகளே என்பான். அது எந்த நாளின் டீ என்று எனக்குத் தெரியாது. நான் தினமும்தான் போனேன். பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். கோபித்தும் பார்த்தேன். முகம் வாடி, சற்று நேரத்தில் வாட்டமும் மறந்து, மறுபடி கேட்பான். அவன் ஒரு மாலைப்பொழுதுக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். அவனோடு அதே மாலைக்குள் நானும் இருந்தேன். வித்தியாசம், எனக்கு எல்லாம் நினைவிருந்தது.

புது ஆள் யார் வந்தாலும் பயப்படுவான். அதனால் பழைய ஆட்கள் நாங்கள் மூவர்தான் மாறி மாறி இருந்தோம். ஷிப்ட் மாறும் இடைவெளியில் ஒரு முறை வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டுக்கார அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா இது, ஆட்டையா கட்டி வச்சிக்கீறீங்க? தட்டுறான், தட்டுறான், அப்பால கம்முனு ஆயிடறான். மறுபடி கதவு பூட்டிக்கீதேன்னு புச்சா கண்டுபிடிச்சித் தட்டுறான். என்னால கேக்க முடியலபா. இனிமே பூட்டுனீங்கன்னா நான் உங்களைத் தெருவுல தள்ளிப் பூட்டிடுவேன்."

அதற்குப் பிறகு பூட்டவில்லை. அப்போதுதான் அறையில் மூன்றாமவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரகடத்தில் வேலை பார்ப்பவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

"அண்ணே, லைன்ல நிக்க எதுக்குண்ணே ஞாபகம்? சீட்டு வருது, மாட்டுறோம், போவுது. எனக்கே காலைல மாட்டுனது ஞாபகம் இல்ல. அவன் கை நல்லாத்தானே இருக்கு?"

சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது சரியாகப் பட்டது. உடம்பு சரியாகிவிட்டது என்று கான்ட்ராக்டரிடம் சொன்னோம். ஆள் பற்றாக்குறை, அவரும் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய பழைய கம்பெனி அட்டையை, அந்த டேக்கைக் கழுத்தில் மாட்டி, பஸ்ஸில் எங்கள் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். தெருவைக் கடக்கும்போது என் டேக்கின் நாடாவில் விரலை வளைத்து மாட்டிக்கொண்டு வந்தான். அது ஆஸ்பத்திரியில் நான் பிடித்து நடத்தியபோது வந்த பழக்கம். எனக்கு மண்டபம் ஞாபகம் வரும்.

லைனில் அவன் கை ஓடியது. பழைய வேகம். ஒரு கிளிப்கூடத் தவறவில்லை. நிம்மதியாக இருந்தது. அவனும் அங்கே யாரையும் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு சீட்டும் முதல் சீட்டுதான், எங்கள் எல்லோருக்கும்.

தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே கால் வைத்து நின்றதற்காக சூப்பர்வைசர் வந்து அவனிடம் கத்தினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். டீ இடைவேளையில் அவரைப் பார்த்ததும் மலர்ந்து, "வணக்கம் சார். இப்பத்தான் வாறீகளா? சாப்டீகளா?" என்றான்.

"என்ன, நக்கலா?"

"இல்ல சார். கேட்டேன்."

மறுபடி கோட்டுக்கு வெளியே நின்றான். மறுபடி திட்டு. சிறிது நேரத்தில் அவர் அந்தப் பக்கம் நடந்தபோது மறுபடி அதே வணக்கம், அதே சாப்டீகளா. கையை ஓங்கிக்கொண்டு வந்தவர் அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பினார். "இவனுக்கு என்னய்யா?"

சொன்னேன். லைன் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஆளை மாற்றி நிறுத்திவிட்டு எங்களை வெளியே கூட்டிப்போனார்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? பக்கத்து ஸ்டேஷன்ல பிரஸ் மிஷின் ஓடுது. இன்னைக்கு அங்க மாத்தி நிறுத்தியிருந்தா? கை போனதும் அவனுக்கு மறந்துடுமா?"

அவர் சொன்னது சரி. அவரே கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். "நீயும் கூடப் போ. தனியா அனுப்பாத," என்றார். வெயிலில் பஸ்ஸுக்காக நின்றபோது அவன், "ஷிப்ட் நல்லபடியா முடிஞ்சிச்சுல்லண்ணே?" என்றான்.

இனி பகலும் அறைதான் என்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் டிரெய்லர் டிரைவர் ஒருவர் என்னைக் கேட்டார். வாலாஜாபாத் சாலை டீக்கடையில் பழக்கம். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் நீள வண்டி. கிளீனர் ஊருக்குப் போய்விட்டான். "நாக்பூர், லக்னோ, சில சமயம் கவுகாத்தி. நீ ஒரு இடத்துல நிக்கிற ஆளு இல்லியே. வர்றியா?"

அந்த வண்டியை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று அறைக்குத் திரும்பியபோது சுவரில் எண்ணெய்த்தலை பட்டுப்பட்டுக் கறுத்த வட்டங்கள் தெரிந்தன. ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. யோசித்துச் சொல்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். யோசிக்க எதுவும் இல்லை. நான் போனால் அவனுக்குத் தெரிந்த முகங்களில் ஒன்று குறையும். அந்த இடத்தில் வருகிறவன் அவனுக்கு எத்தனை வருடம் ஆனாலும் அந்நியன்தான். டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். டிரைவர் வேறு கிளீனரை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மழை முடியும் சமயம் அறையின் மூன்றாமவன் கல்யாணம் செய்துகொண்டு போனான். அவன் இடத்துக்கு அரக்கோணத்துக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்துத் தொழிற்சாலை கேண்டீனில் விடியற்காலை வேலை, மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். பெருத்த உடம்பு, மேலெல்லாம் வெங்காய வாசனை. முதல் நாள் இவன் தூங்கி எழுந்து அவரைப் பார்த்து, "திருடன்! அண்ணே, திருடன்!" என்று கத்திவிட்டான்.

அவர் அசையாமல் சொன்னார். "இன்னா தம்பி, இந்த வூட்ல திருடறதுக்கு இன்னா கீது? உங்க அண்ணன் ஜட்டியா?"

இவன் சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை "நீங்க யாரு?" என்று கேட்கும்போதும் அவர் ஒரு பதில் வைத்திருந்தார். "கலெக்டரு. மனு கொடுக்கறியா?" "வூட்டுக்கார அக்காவுக்குத் தூரத்து மாப்ள." "கேண்டீன்ல கீறேன்பா, உனக்கு வடை எடுத்தாந்தேன்." எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி அவருக்குச் சலிக்கவில்லை. ஒருநாள் எப்படி என்று கேட்டேன். "கேண்டீன்ல ரெண்டாயிரம் பேரு இன்னா சாம்பாருன்னு கேப்பான். இவன் ஒருத்தன்தானே," என்றார்.

ஆனாலும் இவனுக்கு அவர் நிற்கவில்லை. மாதங்கள் போயின, மூன்றாவது மழையும் வந்தது. ஒவ்வொரு மத்தியானமும் என்னிடம் குனிந்து, "யாருண்ணே இந்த ஆளு?" என்றான். டிரைவர் மீண்டும் டீக்கடையில் தென்பட்டார். அந்தக் கிளீனர் சரியில்லையாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஓ.டி. முடித்து மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். சாலைக்கு அந்தப் பக்கம் இருவரும் கறிக்கடைப் பையோடு நின்றிருந்தார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. கேண்டீன்காரர் கழுத்தில் இன்னும் டேக் தொங்கியது. அவர் ஒரு கால் முன்னே எடுத்து வைத்தார். இவன் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போய் அவர் டேக்கின் நாடாவில் விரலை வளைத்து மாட்டியது. இருவரும் சாலையைக் கடந்தார்கள்.

இந்தப் பக்கம் வந்ததும் இவனுக்கு என்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "யாருண்ணே இவரு? நல்ல மனுசனாத் தெரியுறாரு." விரல் இன்னும் அவர் நாடாவில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னேன். அந்தப் பெண் டாக்டர் அங்கே இல்லை, வேறு டாக்டர். கையின் பழக்கம் வேறு இடத்தில் பதியும், அது கெடவில்லை, ஒருவரோடு பழகப் பழக உடம்புக்கு வரும் தைரியம்கூட அப்படி வரலாம், பெயரும் முகமும்தான் வராது என்றார். அந்த வேறு இடத்துக்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு அன்று சந்தோஷம் மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். நான் இல்லாவிட்டால் அவன் இல்லை என்று இவ்வளவு காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கட்டிப் போட்டிருந்தது. அது போனதும் கொஞ்சம் வலித்தது. அவனுடைய அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் என்ன வேலை, எத்தனை மணிக்கு அறைக்கு வருவார் என்று கேட்டாள். பிறகு, "அந்த அண்ணன்கிட்டப் போனைக் குடுங்க தம்பி," என்றாள். கேண்டீன்காரர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "நான் எங்கயும் போற ஆளு இல்லபா. எனக்கு நடக்கவே கஷ்டம். நீ கிளம்பு."

டிரெய்லர் கிளம்பிய நாள் காலையில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். லக்னோ வரைக்கும் போகிறேன், திரும்பி வர நாளாகும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "என்னைய விட்டுட்டுப் போறீகளாண்ணே?" என்றான். நான் வாசற்படியில் நின்றேன். அவன் முகம் தெளியும்வரை நின்றேன். தெளிந்தது. "டீ வாங்கவாண்ணே போறீக?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இது நாக்பூர் தாண்டி சாலையோரத் தாபா ஒன்றில் வண்டி நிற்கும்போது எழுதுவது. மேலே கார்கள் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் வேறு சுவர், சில நாள் சுவரே இல்லை. மத்தியானம் ஆனால் கேண்டீன்காரர் போன் போட்டு அவன் கையில் கொடுப்பார். இன்றும் கொடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீக? டீ வாங்கப் போனவுக கடையிலயே குடியேறிட்டீகளா?"

"கடையில கூட்டம்டா."

"பன்னும் வாங்கிட்டு வாங்க."

"சரி."

கேண்டீன்காரர் போனைத் திரும்ப வாங்கினார். அறைக்கு இன்னொரு ஆள் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார். ராத்திரி ஷிப்ட் பையன், பகலில் படுக்க இடம் வேண்டும்.

"உன் பாயைத்தான் கேட்டேன். தர மாட்டேன்றான்பா. அண்ணன் வந்தா எங்க படுப்பாருன்னு சண்டைக்கு வரான். யாரையும் அதுல உக்காரவும் வுடல. சுத்தமா தட்டிப் போட்டு அப்படியே கீது."

"அப்போ அந்தப் பையன்?"

"வேற பாய் வாங்கினு வரச் சொல்லிட்டேன்," என்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.